மஞ்சள் சட்டைக்காக விட்ட தித்திப்பு

செஞ்சிக் கடைத்தெருவில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் எனக்குச் சர்க்கரை வியாதி என்றுதான் நினைப்பு. டீக்கடைக்காரர் என் தலை தெரிந்ததுமே ஒரு கிளாசைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரித் தட்டு என் இலையைத் தாண்டிப் போகும். "நயினாருக்கு சுகருப்பா, வைக்காத" என்று பின்னாலிருந்து யாராவது சொல்லிவிடுவார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடியுங்கள், பாகற்காயைச் சாறு பிழியுங்கள் என்று கேட்காமலே வைத்தியம் வரும். நானும் தலையை ஆட்டிக்கொள்வேன்.

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இந்த வயசில் இப்படி இருந்தால் கொடுத்து வைத்தவர் என்றார். நான் தித்திப்பை விட்டது வேறு ஒன்றுக்காக. ஸ்வீடன் தேசத்தில் பந்தாடுகிற ஒருவனுக்காக. இதை டீக்கடையில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? அதனால் சொல்லாமலே இருந்துவிட்டேன். எழுதினால் ஒருவேளை சொல்ல வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குச் சாக்குக் கடை. நெல்லும் மணிலாக்கொட்டையும் கொண்டு வருகிறவர்களுக்குச் சாக்கு வேண்டும் இல்லையா, புதுசும் விற்பேன், பழசைத் தைத்தும் விற்பேன். அறுவடைக் காலத்தில் நிற்க நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான். நாங்கள் ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். விளக்கு வைத்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படாது. என் சம்சாரம் பனமலைப் பக்கம் பிறந்தவள். ஒரே மகளை ஓசூரில் கட்டிக் கொடுத்துவிட்டோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மாடியில் ஒரு அறை, அதில் பேங்கில் வேலை பார்க்கிற ஒருவர் வாடகைக்கு இருந்தார். அவர் நாகர்கோவிலுக்கும் தெற்கே, கடலோரத்து ஆள். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் நடக்கிறதுக்கு முன்னாடி பந்து உதைப்பார்களாம். அவரே சொன்னது.

ஒரு புரட்டாசி மாதம், வாசல் கழுவிவிட்டு வரும்போது என் சம்சாரம் வழுக்கி விழுந்தாள். இடது முட்டி. புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, உள்ளே தகடு வைத்து, மாதக்கணக்கில் காலை மடக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். முன்கூடத்தில் கட்டிலைப் போட்டு, டீவிக்கு நேராகப் படுக்க வைத்தேன். நான் கடைக்குப் போய்விடுவேன். அவளுக்குச் சீரியல் பிடிக்காது. "ஒருத்தியை ஒருத்தி கெடுக்கிறதையே படுத்துக்கிட்டுப் பார்த்தா எனக்குப் பாவம் ஏறுது" என்பாள்.

மாடி அறை ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயில் ஏறினால் உள்ளே இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேங்க்காரர் தயங்கித் தயங்கிக் கீழே வந்து, தன்னுடைய டிஷ் பெட்டியை எங்கள் டீவியில் மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். வீட்டில் ஒரு மனுஷன் பேச்சு கேட்டால் அவளுக்கும் நல்லதுதானே என்று சரி சொன்னேன். அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் கால்பந்து வந்தது.

முதலில் அவள் மரியாதைக்குப் பார்த்தாள். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இவ்வளவு பேர் ஓடறாங்களே, ஆளுக்கு ஒரு பந்து கொடுத்தா இன்னா என்பது மாதிரியான கேள்வி இல்லை. அவள் கேட்டது, "அந்த ஓரத்துல ஒருத்தன் நிக்கிறானே, அவன்கிட்ட பந்தே வர மாட்டேங்குது. அவனை எதுக்கு வச்சிருக்காங்க?" பேங்க்காரர் சிரித்துவிட்டு, அவன் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன், எதிராளி அந்தப் பக்கமாக வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை, அவன் சரியாக நின்றால் பந்து அந்தப் பக்கம் வராது என்று விளக்கினார். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நல்லபடியாகச் செய்தால் யார் கண்ணுக்கும் படாத வேலை. அன்றிலிருந்து அவள் பந்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். காமிரா அவனை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனால் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள், டீவிக்கு வெளியே அவன் தெரிவான் என்கிற மாதிரி.

அவன் ஸ்வீடன்காரன். ஆடியது இத்தாலியில் ஒரு கிளப்புக்கு. வெளுத்த முடி, நீளமான மூக்கு, எப்போதும் யாரோ திட்டிவிட்ட மாதிரி ஒரு முகம். பேங்க்காரர் அவன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஸ்வீடனுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். அப்பா மரம் அறுக்கிற மில்லில் வேலை. ஊர் கிளப்பிலேயே சின்ன வயசில் சேர்ந்து, பதினேழு பதினெட்டில் பெரிய ஆட்டக்காரர்களோடு இறங்கி, அங்கிருந்து பெரிய நகரத்துக் கிளப், அப்புறம் ஹாலந்து, அப்புறம் இத்தாலி. தேசத்து அணியில் இளைஞர் பிரிவில் ஆடி, பிறகு பெரியவர்கள் அணிக்கும் எடுத்தார்களாம். ஒரு பெரிய போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு ஆட்டத்திலும் இறக்காமல் பெஞ்சிலேயே உட்கார வைத்துத் திருப்பி அழைத்து வந்துவிட்டார்கள். அதைக் கேட்டு இவளுக்கு வந்ததே கோபம். "சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு இலை போடாம அனுப்பின மாதிரி" என்றாள்.

ஒருநாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முந்தின ராத்திரி நடந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டிருந்தார்கள். ஸ்வீடன் தேசத்துக்காக ஆடுகிற ஆட்டம். மஞ்சள் சட்டை, நீல நிக்கர். அவனை இந்தத் தடவை இறக்கியிருந்தார்கள். இவள் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று "ஐயோ" என்றாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். யாரும் அவனை இடிக்கவில்லை. திரும்பும்போது காலைத் தரையில் ஊன்றினான், முட்டி மட்டும் ஒரு பக்கமாகப் போய்விட்டது. புல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தான். இடது முட்டி. தூக்குப்படுக்கையில் வைத்து எடுத்துக்கொண்டு போகும்போது சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

என் சம்சாரம் தன் காலில் கட்டியிருந்த கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு எதற்கு அழுகிறோம் என்று தெரிந்திருக்கும். எனக்கும் கொஞ்சம் தெரிந்தது.

அதன் பிறகு அவன் டீவியில் வரவில்லை. பேங்க்காரர் போனில் பார்த்துச் சேதி சொல்லுவார். ஆபரேஷன் ஆகிவிட்டது, ஊன்றுகோலோடு நடக்கிறான், தண்ணீருக்குள் ஓடவிடுகிறார்களாம். இவளும் அதே நேரத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தாள். இரண்டு பேருக்கும் போட்டி மாதிரி. பேங்க்காரரும் சும்மா இருக்காமல், "அம்மா, நீங்க முந்திட்டீங்க" என்று ஏற்றிவிடுவார். அவள்தான் முந்தினாள். சித்திரை பிறந்தபோது கைப்பிடி இல்லாமல் கோயில் வரைக்கும் நடந்தாள்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. எங்கள் கோயிலில் பகவானைக் கும்பிட்டு, அட்சதை வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற தர்மதேவி அம்மன் முன்னால் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டே சொன்னாள்.

"எனக்கு நடக்க வந்துட்டுது தாயே. அந்தப் பையன் திரும்ப மஞ்சள் சட்டை போட்டு அவங்க தேசத்துக்கு ஆடுற வரைக்கும் எனக்குத் தித்திப்பு வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஆட்கள் ஒரு பொருளை விடுவது சகஜம். நெய்யை விடுவார்கள், தயிரை விடுவார்கள், உப்பைக்கூட விடுவார்கள். ஆனால் அது ஆசையைக் குறைத்துக்கொள்வதற்கு. அதற்கு ஒரு கெடு வைத்துக்கொள்வார்கள், சாதுர்மாசம் என்கிற மழைக்கால நாலு மாசம் முடிகிற வரை, இன்ன பண்டிகை வரை என்று. பந்தாட்டக்காரன் சட்டையில் யாராவது கெடுவைக் கொண்டுபோய்க் கட்டுவார்களா? வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சத்தம் போட்டேன். நம்ப பகவான் விருப்பு வெறுப்பு இல்லாதவர், அவர் கோயிலில் நின்றுகொண்டு இதெல்லாம் கேட்கலாமா, தெருவில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்றேன். அவள் காலைப் பார்த்துப் பார்த்து ஊன்றி நடந்துகொண்டே, நான் பகவான்கிட்ட கேக்கலியே, அம்மன்கிட்டதானே சொன்னேன் என்றாள்.

சொன்னதைச் செய்தாள். டீயில் சர்க்கரை இல்லை, வெல்லம் இல்லை, வாழைப்பழம்கூட யோசித்துத்தான் சாப்பிட்டாள். ஆனால் எங்களுக்குச் செய்வதை நிறுத்தவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வைத்தாள், மகள் வந்தால் அதிரசம் சுட்டாள். ருசி பார்க்க முடியாது இல்லையா. அதனால் கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டுவாள். "தித்திப்பு சரியா இருக்குதா?" நான் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு கட்டி போடு என்றால் போடுவாள், போதும் என்றால் நிறுத்துவாள். கடையில் இருக்கும்போதுகூட ஒரு சின்ன டப்பாவில் கொடுத்தனுப்பியிருக்கிறாள், ருசி சொல்ல. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் சமையலறைப் பக்கம் அதிகமாகப் போனது அந்த மூன்று வருஷத்தில்தான்.

அந்த மூன்று வருஷமும் அவன் எழுந்திருக்கவே இல்லை என்றில்லை. ஒரு வருஷம் கழித்து இத்தாலிக் கிளப்புக்குத் திரும்ப வந்தான். ஆனால் அவன் இடத்தில் வேறு ஒருவன் வந்துவிட்டான். அவனைத் துருக்கிக்கு இரவல் கொடுத்தார்கள். "ஆளை எப்பிடிங்க இரவல் கொடுப்பாங்க, படி அரிசியா?" என்று இவள் கேட்டாள். அங்கே கொஞ்சம் ஆடினான், அப்புறம் அதே முட்டியில் வலி, மறுபடியும் பெஞ்சு. கடைசியில் ஒப்பந்தம் முடிந்து, கிளம்பின இடத்துக்கே, அந்த வடக்குச் சின்ன ஊர் கிளப்புக்கே போய்ச் சேர்ந்தான். அப்போது அந்தக் கிளப் இரண்டாம் டிவிஷனில் இருந்தது. அதெல்லாம் எந்த டீவியிலும் வராது. பேங்க்காரரையும் சேலத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது என் போனில் எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவளுக்கு ஒரு பெரிய கவலை. அந்த ஊரில் வெயில் காலத்தில் சூரியன் விழவே விழாது, குளிர்காலத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும் என்று பேங்க்காரர் ஒருநாள் சொல்லியிருந்தார். நம்ப ஆளுங்க அங்க இருந்தா குளிர்காலத்துல எப்பிடி சாப்புடுவாங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெயில் காலத்தில் சேர்த்துச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நான் சொன்னேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவ்வளவு சிரித்ததாக நினைவில்லை, நாள் அதிகம் இருக்கவும் இல்லை.

ஒரு விடியற்காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றாள். ஆட்டோ வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அதை எழுத எனக்கு வரவில்லை.

காரியத்தன்று இலையோரம் டம்ளரில் பாயசம் வைத்தார்கள். டம்ளரைக் கையில் எடுத்தேன். அவள் சாகும்போது அந்தக் கெடு முடியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் விட்டது விட்டபடி நிற்கிறது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். மகள், "நைனா, கொஞ்சம் குடிங்க" என்றாள். வேண்டாம் என்றேன். மறுநாளும் வேண்டாம் என்றேன். யாரோ சுகரா என்று கேட்டார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. அப்படியே அது ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதியாகிவிட்டது. மகளும் போன் செய்யும்போதெல்லாம் மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறாள். போடுகிறேன் என்பேன். பொய்தான். பகவான் மன்னிக்க வேண்டும்.

கூடத்துக் கட்டிலை எடுக்கவில்லை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து, காலையில் வடித்த சோற்றில் மோர் ஊற்றிப் பொழுது இருக்கும்போதே சாப்பிட்டுவிடுவேன். அப்புறம் விளக்கு வைத்துவிட்டால் செய்வதற்கு எதுவும் இல்லை. சனி ஞாயிறுகளில் போனை எடுத்து அவன் ஊர் கிளப் ஆட்டத்தைத் தேடுவேன். படம் வராது, எழுத்துதான். அதுவும் அந்த ஊர் பாஷை. இங்கிலீஷ் எழுத்து எழுத்துக்கூட்டிப் படிப்பேன், ஆனால் அதில் சில எழுத்துக்குத் தலைமேல் இரண்டு புள்ளி வைத்திருக்கிறார்கள். அவன் பேரில் அப்படி ஒரு எழுத்து இருக்கிறது. அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். முதலில் புள்ளியைப் பார்த்ததும் அவன்தான் என்று நினைத்துச் சந்தோஷப்படுவேன். அப்புறம் பார்த்தால் அந்த ஊரில் பாதிப் பேருக்குப் புள்ளி இருக்கிறது. பிறகு முழுப் பேரின் உருவத்தையும் பழகிக்கொண்டேன். ஆட ஆரம்பித்தவர்கள் வரிசையில் அவன் பேர் இருந்தால் ஒரு நிம்மதி. இல்லாவிட்டால் முட்டிதான் என்று தெரிந்துகொள்வேன், அன்றைக்கு எனக்கும் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சோம்பலாக இருக்கும்.

அந்தக் கிளப் மெல்ல மேலே ஏறி முதல் டிவிஷனுக்கு வந்தது. அவனைத்தான் கேப்டனாக வைத்திருந்தார்கள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அனந்தபுரத்திலிருந்து சாக்கு வாங்க வந்த ஒருவரிடம், நம்ப பையன் ஒருத்தன் கேப்டன் ஆயிட்டான் என்று சொல்லிவிட்டேன். ராணுவத்திலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு இன்னா சொல்வது?

போன வருஷம் பேங்க்காரர் சேலத்திலிருந்து கூப்பிட்டார். எப்போதாவது கூப்பிடுவார், ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார். வயசு முப்பத்தைந்தைத் தொடப்போகிறது, முட்டி இனித் தாங்காது, வருகிற சீசன்தான் கடைசி என்று அவன் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டானாம். "நல்லா ஆடினாரு ஐயா, அது போதும்" என்றார் பேங்க்காரர். அவன் ஆட்டத்தை விட்டுவிட்டால் இனி மஞ்சள் சட்டை கிடையாது. மஞ்சள் சட்டை கிடையாது என்றால் அவள் வைத்த கெடுவுக்கு முடிவே கிடையாது. எனக்குத் தித்திப்பு வேண்டும் என்பதில்லை. அவள் ஒன்றைத் தொடங்கிவிட்டுப் போனாள், அது மூடப்படாமலே நிற்கும் என்பதுதான்.

கோயில் உபாத்தியாயரிடம் போனேன். எங்கள் கோயிலில் பூஜை செய்கிறவரை அப்படித்தான் சொல்வோம். மனுஷர் நல்லவர், ஆனால் வேலை அவசரத்தில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முதல்முறையாக ஒருவரிடம் முழுசாகச் சொன்னேன். அவர் அபிஷேகச் சொம்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பந்தாட்டக்காரன் என்கிற இடத்தில் மட்டும் துடைப்பதை நிறுத்தினார்.

"அம்மா எடுத்தது அம்மாவோட முடிஞ்சுது நயினார். இது நீங்களா எடுத்தது. எப்ப வேணுமோ முடிச்சுக்குங்க."

எளிதாகச் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்கு வந்து வெல்ல டப்பாவைத் திறந்து பார்த்தேன். கட்டி கட்டியாக அப்படியே கறுத்துப்போயிருந்தது. அவள் வாங்கி வைத்தது. மூடி வைத்துவிட்டேன். நானாக முடித்துக்கொள்ளலாம் என்றால், அப்புறம் இந்த வீட்டில் அவள் விட்டுப்போன காரியம் என்று எனக்கு இன்னா இருக்கிறது?

மார்கழி பாதி போன சமயம் மறுபடியும் போன் வந்தது. பேங்க்காரர் குரலே வேறு மாதிரி இருந்தது. ஸ்வீடன் அணி வருஷா வருஷம் ஜனவரியில் வெயில் தேசம் எதற்காவது போய் ஒன்றிரண்டு ஆட்டம் ஆடுமாம். அந்த மாதம் வெளிநாட்டுக் கிளப்பில் இருக்கிறவர்களை விடமாட்டார்கள். அதனால் உள்ளூரில் ஆடுகிறவர்களை வைத்துத்தான் அணி எடுப்பார்கள். எல்லாம் சின்னப் பையன்கள். கூட ஒரு பெரிய ஆள் இருக்கட்டும் என்று இவனை எடுத்திருக்கிறார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சட்டை மஞ்சளா? மஞ்சள்தான் ஐயா, இன்னா இப்படிக் கேட்கிறீர்கள் என்றார்.

ஆட்டத்தன்று அவர் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பினார். எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. நான் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். காலியாகக் கிடக்கிற வாடகை அறைக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. ராஜகிரி மலை கறுப்பாக நின்றது. போனில் மட்டும் வெளிச்சம், பச்சைப் புல், மஞ்சள் சட்டைகள்.

அவனை இறக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ஒருமுறை காமிரா அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். முடி முன்னால் கொட்டிவிட்டது. ஆனால் அதே முகம், யாரோ திட்டிவிட்ட மாதிரி. பாதி ஆட்டம் முடிந்தது. மறுபாதியும் ஓடிக்கொண்டே இருந்தது. இலை போடாமல் அனுப்பப்போகிறார்கள் என்றே நினைத்தேன். நமோகார மந்திரம் சொல்ல ஆரம்பித்தேன், பிறகு இதற்குப் போய்ச் சொல்லலாமா என்று நிறுத்தினேன், பிறகு மறுபடியும் சொன்னேன்.

கடைசியில் அவன் எழுந்து மேல்சட்டையைக் கழற்றினான். உள்ளே மஞ்சள். கோட்டோரம் வந்து நின்றான். பக்கத்தில் ஒருவர் நம்பர் பலகையைத் தூக்கிப் பிடித்தார். அவன் குனிந்து இடது முட்டியை ஒருமுறை தொட்டுக்கொண்டான். அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனை உயரத் தூக்கினேன், மாடிக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போய் நின்றேன். திரும்பப் படம் வந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இடது ஓரத்தில், காமிராவில் பாதி தெரிந்தும் தெரியாமலும், அவன் நின்றுகொண்டிருந்தான். அவன் கோட்டைத் தாண்டி உள்ளே காலை வைத்ததை நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் பந்து ஒரே ஒருமுறைதான் வந்தது. அவன் அதை வெளியே தட்டிவிட்டான். அவ்வளவுதான்.

முடிந்ததும் பேங்க்காரர் கூப்பிட்டார். பார்த்தீர்களா ஐயா என்று கேட்டார். நான் அவள் விரதத்தைப் பற்றி அவரிடம் அப்போதுதான் சொன்னேன்.

"நீங்க சும்மா பொழுதுபோக்குக்குக் கேக்கறீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன் ஐயா" என்றார்.

விளக்கு வைத்தாகிவிட்டது, இனி எதுவும் சாப்பிடக்கூடாது. அன்று ராத்திரி அவள் விரதம் முடிந்தும் முடியாமல் இருந்தது. கூடத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டேன். விடியாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று.

விடிந்ததும் குளித்துவிட்டுப் பொங்கல் வைத்தேன். பச்சரிசி, பாசிப்பருப்பு, நெய், ஏலக்காய். வெல்லம் புதுசாக வாங்கலாம் என்று நினைத்து, வேண்டாம் என்று அவள் டப்பாவிலிருந்தே எடுத்துக் கரைத்து வடிகட்டிப் போட்டேன். அளவு தெரியாது. பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்குதே நயினாரே, இப்பவே வாசனை வருது என்று பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்கள். மகள் வருகிறாளா என்றும் கேட்டார்கள். இல்லை என்றேன்.

விரதம் முடித்துச் சாப்பிடுவதை நாங்கள் பாரணை என்போம். அன்றைக்கு முதலில் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தன் வாயில் வைக்க வேண்டும். பாத்திரத்தைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அம்மன் முன்னால் வைத்து, அவன் ஆடிட்டான் தாயே என்று சொன்னேன். அவள் பேரையும் சொன்னேன். பிறகு உபாத்தியாயருக்கு ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டார்.

"தித்திப்பு சரியா இருக்குதா?" என்று கேட்டேன்.

"சரியா இருக்குது நயினார்" என்றார்.

நானும் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். ஒரு கட்டி குறைவு. நன்றாகத் தெரிந்தது. இத்தனை நாள் கழித்துச் சாப்பிட்டும் நாக்கு அதை மறக்கவில்லை. இன்னும் ஒரு கட்டி போடு என்று சொல்லத்தான் வாய் வந்தது. உபாத்தியாயர் இலையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார், அடுத்த பூஜைக்கு நேரமாகிவிட்டது.

மீதியைக் கோயிலுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் என் கிளாசைத் தனியாக எடுத்தார். சர்க்கரை போடு என்றேன். அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா நயினாரே, சுகரு?"

"போயிடுச்சு."

"போயிடுச்சா? இன்னா சாப்டீங்க? எங்க வீட்டம்மாவுக்கும் இருக்குது, சொல்லுங்க."

கடையில் வேறு யாரும் இல்லை. சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஸ்வீடன்னு ஒரு தேசம் இருக்குது இல்ல என்று ஆரம்பித்தேன். அது எங்க இருக்குது என்று அவர் கேட்டார். அதற்குள் திருவண்ணாமலை பஸ் வந்து நின்றது. பத்துப் பேர் இறங்கி டீ டீ என்றார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

டீ தித்தித்தது. பாதி கிளாசோடு வைத்துவிட்டு, காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கடையைத் திறக்கப் போனேன்.